ஐந்து நாள் செயின்

செவ்வாய்க்கிழமை காலை 6.10.

கற்பிட்டி–பாலாவி வீதியில், பாலாவிச் சந்திக்கு மூன்று கிலோமீற்றர் இருக்கும் இடத்தில், உப்பு ஏற்றப் போன லொறி ஒன்று பிரேக் போட்டு நின்றது. ரோட்டில் சூடை மீன் சிதறிக் கிடந்தது. மீனைத் தாண்டி உடைந்த வெள்ளை றெஜிபோம் ஐஸ் பெட்டி. பெட்டியைத் தாண்டி ஒரு சிவப்பு மோட்டார்சைக்கிள். மதகுக் கட்டின் அடியில், ஒரு காலில் மட்டும் செருப்போடு, பஸ்தியான்.

அறுபத்தொரு வயது. கடலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, வாரத்தில் நான்கு நாள் பாலாவிச் சந்தியில் மீன் விற்றவர். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது. கழுத்து முறிந்திருந்தது. லொறிச் சாரதி பொலிசுக்குச் சொல்லிவிட்டு, ஒரு வெற்று உப்புச் சாக்கை எடுத்து அவரை மூடினார்.

பின் ரயர் தாரில் ஏழு மீற்றர் நீளத்துக்குக் கறுப்புக் கோடு இழுத்திருந்தது. செயின் பின் சில்லில் சுருண்டு இறுகிக் கிடந்தது. ஓடுகிற வண்டியின் சில்லை அது பூட்டிவிட்டது. ஆளைத் தூக்கி எறிந்தது அதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சந்தேகம் வேறு பக்கம் போனது. ஐந்து நாளுக்கு முன்பு, வியாழக்கிழமை, பஸ்தியான் தன் வண்டிக்குப் புதுச் செயின் செட் போட்டிருந்தார். செட் என்றால் மூன்று சாமான்: செயின், பின் சில்லோடு இருக்கும் பெரிய பல்சக்கரம், எஞ்சினோடு இருக்கும் சின்னப் பல்சக்கரம். பூட்டியது மெக்கானிக் இஸ்ஹாக். ஆனால் சில்லில் சுருண்டு கிடந்ததோ கறள் பிடித்துத் தொய்ந்துபோன கிழட்டுச் செயின். பெரிய சக்கரத்தின் பற்கள் தேய்ந்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. ஐந்து நாளில் எந்தச் செயினும் இந்தக் கதிக்கு வராது.

சார்ஜன் தம்பிமுத்துவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? புதுசுக்குக் காசு வாங்கிக்கொண்டு பழசையே விட்டிருக்கிறான், ஒரு உயிர் போய்விட்டது. பின்னேரம் மூன்று மணிக்கு இஸ்ஹாக்கைப் பிடித்து அடைத்தார். அதற்குள்ளேயே ஊர் இளசுகள் இஸ்ஹாக்கின் கராஜ் கூரைக்குக் கல்லால் எறிந்து நான்கு தகரத்தை நாசமாக்கியிருந்தார்கள்.

புதன்கிழமை காலை 8.30.

மோட்டார் வாகனப் பரிசோதகர் மயூரதி பொலிஸ் நிலையத்துக்கு வந்தார். விபத்தில் சிக்கிய வண்டியைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவருடைய வேலை. உடப்பு என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர், வலையும் வள்ளமும் உள்ள வீட்டுப் பிள்ளை. தோள்பையில் ஒரு உருக்கு அடிமட்டம், திருப்புளி, டோர்ச், பழைய துணி. பேச்சுக் குறைவு.

"மிஸ், ஒரு கையெழுத்துத்தான் வேணும்," என்றார் தம்பிமுத்து. "ரெண்டு மணிக்கு ஆளை நீதவானிட்ட கொண்டு போகணும்."

"ரெண்டு மணிக்கு இன்னும் அஞ்சரை மணித்தியாலம் இருக்கு, சார்ஜன்."

வண்டி பின்முற்றத்தில் நின்றது. நூறு சீசீ, பதினான்கு வயது. மீற்றர் எண்பத்தேழாயிரத்தில் நின்றுபோய் வருடங்கள் இருக்கும். கேபிள் அறுந்ததை யாரும் மாற்றவில்லை. இந்தக் கரையில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் இதே வண்டி உண்டு. புது வண்டி இறக்குமதி நின்றிருந்த வருடங்களில் எல்லோரும் பழசையே ஒட்டுப்போட்டு ஓட்டப் பழகிவிட்டார்கள்.

மயூரதி குந்தியிருந்து செயினைக் கழற்றி நிலத்தில் நீட்டினார். அடிமட்டத்தை வைத்தார்.

"அரை அங்குலத்துக்கு ஒரு ஆணி. புதுச் செயின்ல இருபத்திநாலு கண்ணி சரியா பன்னிரண்டு அங்குலம் வரும். இது கால் அங்குலம் கூட. வருசக்கணக்கா ஓடினது."

"அதத்தானே நானும் சொல்றன்."

"எங்க அறுந்திருக்கு?"

"என்ன மிஸ்?"

"செயின் அறுந்து சில்லில சுத்தினதெண்டு எழுதியிருக்கிறீங்க. அறுந்த இடத்தக் காட்டுங்க."

தம்பிமுத்து செயினை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலால் தடவிப் பார்த்தார். எல்லாக் கண்ணியும் முழுசாக இருந்தது.

"அறுந்த செயின் இல்ல. கழண்ட செயின்," என்றார் மயூரதி. "ரெண்டு முனையையும் சேக்கிற பூட்டுக் கண்ணி இது. ஒரு தகடும் அதப் பிடிக்க ஒரு கிளிப்பும் இருக்கணும். ரெண்டும் இல்ல."

அந்தக் கண்ணியின் ஆணித் தலையில் ஏதோ ஒட்டியிருந்தது. துணியால் துடைத்தார். கறுப்பு எண்ணெய்க்குள்ளிருந்து பச்சை நிறம் தெரிந்தது. நகத்தளவு நைலோன் நூல். ஒரு முனை பிய்ந்திருந்தது. மறு முனை உருகி, தட்டையாக, ஒரு கடுகு அளவுக்குத் திரண்டிருந்தது.

"மீன் பெட்டிக்குள்ள கிடந்த வலைத்துண்டா இருக்கும்," என்றார் சார்ஜன்.

"பெட்டிக்குள்ள வலை இருந்ததா?"

தம்பிமுத்து தன் குறிப்பைப் புரட்டினார். "இல்ல. மீனும் ஐசும் தராசும்தான்."

மயூரதி நூலை ஒரு உறைக்குள் போட்டார். பிறகு எஞ்சினின் இடப்பக்க மூடியைத் திறக்கப் போனார். மூன்று திருகாணி. மூன்றும் உப்புக் காற்றில் கறள் தின்று தலை மழுங்கியவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் உளி வைத்து அடித்த புதுக் காயம் பளிச்சென்று இருந்தது. திருப்புளியோடு மல்லுக்கட்டிப் பத்து நிமிடம் போனது. மூடி கழன்றது. உள்ளே சின்னப் பல்சக்கரம். பற்கள் தட்டைத் தலையோடு நிமிர்ந்து நின்றன. பக்கங்களில் கடைப் பூச்சு கூட இன்னும் உரியவில்லை.

"இது எத்தின நாள் ஓடியிருக்கும், சார்ஜன்?"

தம்பிமுத்து டோர்ச்சை வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தார். அவருடைய சுத்தமான வழக்கில் விழுந்த முதல் ஓட்டை அது.

8.55. இஸ்ஹாக்கைக் கூண்டிலிருந்து கூட்டி வந்தார்கள். ஐம்பது வயது, முந்தின நாள் சட்டை, இரவு முழுக்க நித்திரை இல்லாத கண்.

"மூணையும் மாத்தினீங்களா, இஸ்ஹாக் நானா?" மூத்த முஸ்லிம் ஆண்களை ஊர் அழைக்கும் முறையில் கேட்டார் மயூரதி.

"அல்லாஹ் அறிய மூணையும் மாத்தினேன், மிஸ். மூடிய உளி வெச்சு அடிச்சுத்தான் கழட்டின. என்ட கை பாருங்க."

"பழைய சாமான்?"

"அத பேக்ல போட்டு அவர்ட கையில குடுத்தேன். எல்லாருக்கும் அப்பிடித்தான். பழச கண்ணால காட்டாட்டி புதுசு போட்டதெண்டு ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

"பழைய கிளிப்பையும் போட்டீங்களா?"

இஸ்ஹாக் யோசித்தார். "இல்ல. கழட்டக்குள்ள தெறிச்சு எங்கயோ போய்த்து. அத ஆரு தேடுற? புதுச் செயினோட புதுக் கிளிப் வரும்தானே."

இஸ்ஹாக்கைத் திரும்ப உள்ளே கொண்டுபோனதும் தம்பிமுத்து குரலைத் தாழ்த்தினார். "அப்ப கள்ளன் ஒருத்தன் புதுசக் கழட்டிக்கொண்டு பழசப் பூட்டி வெச்சிருக்கிறான்."

"ஆரோ கழட்டியிருக்கிறாங்க. அது மட்டும் நிச்சயம். மூடியத் திறக்க ஏலாம சின்னச் சக்கரத்த விட்டுட்டாங்க."

9.15. வாசலில் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. அதே வகை வண்டி, நீல நிறம். வெள்ளைச் சட்டையோடு இறங்கியவள் சுதர்சினி, பஸ்தியானின் மகள். கணவன் கட்டாரில். அவன் விட்டுப்போன வண்டியில்தான் தினமும் பாலாவி உப்பளக் காரியாலயத்துக்கு வேலைக்குப் போய் வருகிறாள். போகிற வழியில் நான்கு வயது மகனைப் பாலர் பாடசாலையில் இறக்குவதும் இந்த வண்டியில்தான்.

"கையெழுத்து வெச்சிட்டீங்களா, மிஸ்? அந்த இஸ்ஹாக் இண்டைக்கே மறியலில அடைபடணும்."

"இன்னும் இல்ல, தங்கச்சி. நான் உங்கட வீட்டுக்கு ஒருக்கா வரணும்."

"வீட்டில என்ன இருக்கு? அப்பாட சவப்பொட்டி வரப் போகுது!" அவள் குரல் உடைந்தது. "எங்கட அப்பா வண்டியப் பிள்ள மாதிரிப் பாக்கிற மனுசன். என்ட வண்டிக்கும் அவர்தான் எண்ணெய் போடுவார். கடகடண்டு அடிச்சிக்கொண்டிருந்தது, அவர் கை பட்ட பிறகு சத்தமே இல்ல. அப்பிடிப்பட்ட ஆள ஏமாத்திக் கொன்னுபோட்டான்."

மயூரதி நீல வண்டியை ஒரு தரம் பார்த்தார்.

10.00. இறந்த வீடு. வேலியில் வெள்ளைக் கொடி. ஆட்கள் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி கத்தரினா அழுது ஓய்ந்து குசினி வாசலில் இருந்தாள்.

"அம்மா, வியாழக்கிழமை இஸ்ஹாக் நானா ஒரு பேக் குடுத்தாராம்."

கத்தரினா எழும்பி, கூரைச் சலாகையில் அடித்த ஆணியிலிருந்து ஒரு சொப்பிங் பேக்கை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே செட் வந்த அட்டைப் பெட்டி, எண்ணெய்ப் பிசுக்கு, தேய்ந்த சின்னப் பல்சக்கரம் ஒன்று. பழைய செயின் இல்லை. பழைய பெரிய சக்கரம் இல்லை.

"பழைய இரும்பு வாங்கிறவர் வந்தவரா?"

"இந்தக் கிழமை வரல்ல."

தம்பிமுத்துவின் முகம் மலர்ந்தது. பேக்கில் இருந்த பழசை எடுத்துத்தான் பூட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் கள்ளன் இந்த வளவுக்குள் வந்துபோகிறவன். பக்கத்து வீட்டுக் கில்பட்டிடம் இதே வண்டி. கில்பட்டுக்கும் பஸ்தியானுக்கும் வேலிச் சண்டை, பொலிசில் முறைப்பாடும் உண்டு. வேலிக்கு அப்பால் இருந்து கில்பட்டை அவனுடைய வண்டியோடு கூப்பிட்டார்.

மயூரதி வண்டியை இரட்டை ஸ்டாண்டில் ஏற்றச் சொன்னார். பெரிய சக்கரத்தின் பின் ஓரத்தில் செயினைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்தார். அரைப் பல்லுக்குச் செயின் வெளியே வந்தது. டோர்ச் அடித்து மூடியின் இடுக்கு வழியே சின்னச் சக்கரத்தைப் பார்த்தார். அதுவும் தேய்ந்தது.

"மூணும் ஒண்டாக் கிழண்டு போனது. இதில ஒண்டும் புதுசு இல்ல," என்றார். "வியாழனுக்குப் பிறகு இங்க ஆரும் வண்டி கழட்டினதக் கண்டீங்களா, கில்பட்?"

"காணல்ல, மிஸ். நான் கடற்கரையில. ஞாயித்துக்கிழம காலமை பஸ்தியான் அண்ணன் என்ட ஸ்பனர் செட்ட வாங்கினார். பின்னேரம் நாலு மணிக்குத்தான் தந்தார்."

"வேலிச் சண்டை எண்டாங்களே?" என்றார் சார்ஜன் விடாமல்.

"வேலி வேற, ஸ்பனர் வேற, ஐயா."

மயூரதி கத்தரினாவிடம் திரும்பினார். "ஞாயித்துக்கிழம வீட்டில ஆரார் இருந்தாங்க?"

"தலவில கோயில் திருநாள். நானும் மகளும் பேரனும் பஸ்ல போனம். இவர் இடுப்பு நோகுதெண்டு வரல்ல. எல்லா வருசமும் வாற மனுசன்."

"மகள்ட வண்டி?"

"இங்கதான் நிண்டது."

வளவின் ஓரத்தில் இரண்டு தென்னைக்கு நடுவே வலை ஒன்று தொங்கியது. நடுவில் ஒரு கிழிசலைப் பச்சை நூலால் புதிதாகப் பொத்திய இடம். மயூரதி போய் அதைக் கையில் எடுத்தார். வலை கண்டால் அவர் கை சும்மா இருக்காது; உடப்பில் சின்ன வயதில் எத்தனையோ வலை பொத்திய கை. ஒவ்வொரு முடிச்சின் முனையையும் பார்த்தார். எல்லாம் உருக்கித் தட்டையாக அமத்தியிருந்தது.

"இப்பிடி ஆர் முடியிறது?"

"அது பஸ்தியான் அண்ணன் மட்டும்தான்," என்றான் கில்பட். "நெருப்புக்குச்சியால உருக்கி நகத்தால அமத்துவார். நாங்க வெட்டி விட்டிருவம். அவர்ட முடிச்சு கழண்டதெண்டு ஒருத்தரும் சொன்னதில்ல."

மயூரதி உறையைத் திறந்து நூல்துண்டை வலையோடு வைத்துப் பார்த்தார். தம்பிமுத்துவும் குனிந்து பார்த்தார். அதே பச்சை, அதே தட்டை.

10.50. சுதர்சினி திரும்பி வந்து முற்றத்தில் நிறுத்தியிருந்த நீல வண்டியிடம் மயூரதி நேராகப் போனார்.

"என்ட வண்டிய ஏன் பாக்கிறீங்க?" சுதர்சினி ஓடி வந்தாள்.

செயின் முழுக்கப் பழைய எஞ்சின் எண்ணெய் பூசிக் கறுத்துக் கிடந்தது. உப்புக் காற்றுக்கு இந்தக் கரையில் எல்லோரும் அப்படித்தான் பூசுவார்கள். அதற்கு மேல் மணல் படிந்தால் புதுசும் பழசும் ஒரே நிறம். மயூரதி துணியால் ஒரு சாண் துடைத்தார். கீழே இரும்பு மின்னியது. பின்பக்கம் இழுத்தார். செயின் அசையவில்லை. அடிமட்டம் வைத்தார். இருபத்திநாலு கண்ணி, சரியாகப் பன்னிரண்டு அங்குலம். பெரிய சக்கரத்தின் பற்கள் தட்டைத் தலையோடு நின்றன. டோர்ச் வெளிச்சத்தில் சின்னச் சக்கரம் மட்டும் தேய்ந்து சரிந்திருந்தது.

"வண்டிச் சத்தம் எப்ப நிண்டது, தங்கச்சி?"

"திங்கட்கிழமை வேலைக்குப் போகேக்க." சொல்லும்போதே அவள் முகம் மாறியது. "சனிக்கிழமை இருந்தது. திங்கட்கிழமை இல்ல."

மயூரதி எழும்பிக் கையைத் துடைத்தார். சார்ஜனைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"இஸ்ஹாக் மூணையும் மாத்தினது உண்மை. சின்னச் சக்கரம் சாட்சி. வியாழக்கிழமை பூட்டின செயினையும் பெரிய சக்கரத்தையும் ஞாயித்துக்கிழம கழட்டி இந்த வண்டிக்குப் போட்டது பஸ்தியான் ஐயா. மகள்ட பழைய செயின் அவர்டத விட மோசமா இருந்திருக்கும். மூடிக்குக் கிட்டப் போக ஏலாது, ஆணித் தலை மழுங்கிப்போச்சு. அதனால பழைய செயின்ட வாலில புதுசக் கோத்து இழுத்திருக்கிறார். மூடி கழட்டாமலே சுத்தி வந்திரும். பிறகு பேக்கில இருந்த தன்ட பழச எடுத்துத் தன்ட வண்டிக்குப் பூட்டினார், மகள்டத ஆருக்கும் தெரியாம வீசியிருப்பார். வியாழக்கிழமை வரைக்கும் ஓடினதுதானே, இன்னும் ஒரு மாசம் ஓடும் எண்டு நினைச்சிருப்பார். நினைச்சது பிழையும் இல்ல. ஓடியிருக்கும்."

"பிறகு?" என்றார் தம்பிமுத்து.

"கிளிப் இல்ல. அவர்டது இஸ்ஹாக்ட கராஜில தெறிச்சுப் போச்சு, மகள்டது கழட்டக்குள்ள கறளில உடைஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழம, திருநாள், கடை பூட்டு. வேற ஆளெண்டா வண்டிய நிப்பாட்டி வெச்சிருப்பான். இவர் கடல்காரன். பச்சை நூலெடுத்து அந்த ஆணியில முடிஞ்சு, உருக்கி, அமத்தி விட்டிட்டார். கடல்ல அந்த முடிச்சு வருசக்கணக்கா நிக்கும். செயினில மணலும் பல்லும் வெட்டும். ரெண்டு நாள்தான் நிண்டுது."

சார்ஜன் தொப்பியைக் கழற்றினார். கதிரை அடுக்கியவர்கள் அடுக்குவதை நிறுத்தியிருந்தார்கள்.

சுதர்சினி வண்டியின் சீற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏன் சொல்லல்ல? ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே. ஏன் எனக்குச் சொல்லல்ல?"

கத்தரினா குசினி வாசலில் இருந்தபடியே சொன்னாள். "சொல்லியிருந்தா நீ அண்டைக்கே கழட்டி அவருக்குப் பூட்டியிருப்பாய்."

அதற்குப் பிறகுதான் சுதர்சினி அழுதாள். கோபத்தில் முந்தின நாளிலிருந்து அடக்கியிருந்த அழுகை அது. அவளைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுக்கப் பதினைந்து நிமிடம் ஆனது.

மதியம் 12.20. பொலிஸ் நிலையம்.

மயூரதி அறிக்கையை எழுதிக் கையெழுத்து வைத்தார். சுதர்சினி முந்தின நாள் இஸ்ஹாக்குக்கு எதிராகக் கொடுத்த தன் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்தாள். நீல வண்டியையும் பார்த்துப் பதிய வேண்டும் என்பதால் அதை ஜீப்புக்குப் பின்னால் மெல்ல ஓட்டி வந்திருந்தாள். தம்பிமுத்து தானே போய்க் கூண்டைத் திறந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ஒரு கோப்பை பிளேன்ரீ வரவழைத்துக் கொடுத்தார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய விசயம்.

இஸ்ஹாக் முற்றத்துக்கு வந்தார். சுதர்சினி முன்னால் வந்து நின்றாள். தலை நிமிரவில்லை.

"இஸ்ஹாக் நானா. உங்கட கூரைத் தகரத்த நாங்க போட்டுத் தாறம். நான்தான் பொடியன்மாருக்குச் சொன்னன், நீங்கதான் கொன்னதெண்டு."

இஸ்ஹாக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் கோபம் இருந்தது. ஒரு இரவு கூண்டுக்குள் இருந்தவர். ஆனால் கண் நீல வண்டியின் பக்கம் போய்விட்டது. குந்தியிருந்து இடுக்கு வழியே பார்த்தார்.

"சின்னது பழசு, தங்கச்சி. இத இப்பிடியே விட்டா புதுச் செயினத் தின்னும். ஆறு மாசத்தில எல்லாம் நாசம். வாப்பாட வண்டியில இருக்குதே புதுசு, அதக் கழட்டி இதுக்குப் போடணும். அப்பதான் செட் சேரும்."

"அது வழக்குச் சாமான்," என்றார் தம்பிமுத்து. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "மரண விசாரணை முடிஞ்ச உடன தாறன். நானே கொண்டந்து தாறன்."

"அதுவரைக்கும் மெல்லமா ஓடுங்க," என்றார் இஸ்ஹாக் எழும்பிக்கொண்டே. "விசாரணை முடிஞ்சதும் கொண்டுவாங்க. கூலி வாணாம். கழட்டுற பழச வழமை மாதிரி பேக்ல போட்டுத் தாறேன்."

சுதர்சினி தலையாட்டினாள். "அதோட புதுக் கிளிப் ஒண்டும் தாங்க, நானா," என்றாள். "வீட்டில ஒண்டு கிடக்கட்டும்."